தேக்குப் பலகை வெயிலில் வாய் பிளந்தது ஏன்?

கேள்வி: கோவளத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறோம். அலைச்சறுக்குப் பழகும் என் தம்பிக்காக ஏழரை அடி நீளத்தில், உள்ளே கூடாக, தேக்கில் ஒரு பலகை செய்தேன். மேல்தட்டும் அடித்தட்டும் மூன்று நூல் தடிமன். எடை 18 கிலோ. உள்ளிருக்கும் காற்றை வெளியே விட வால் பக்கம் காற்றுத் திருகு வைத்திருக்கிறேன். முதல் நாள் கரையில் வெயிலில் வைத்தபோது அந்தத் திருகைக் கழற்றித்தான் வைத்தேன். அப்படியும் பிற்பகலில் மூக்கிலிருந்து ஒன்றரை அடியில், மேல்தட்டும் விளிம்பும் சேரும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. பலகை இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை. குறை மரத்திலா, பசையிலா? அடுத்ததை எந்த மரத்தில் செய்யலாம்?

பதில்: மரத்தையும் பசையையும் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். கட்டில், கதவு செய்து பழகிய கைக்கு இது புதிது. கதவுக்குள் யாரும் காற்றை அடைத்து வைப்பதில்லை. கூட்டுப் பலகை என்பது மரத்தால் செய்த காற்றுப் பெட்டி. அதன் தொல்லைகளில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் காற்று விரிவதாலும் சுருங்குவதாலும் வருபவை.

ஒரு சிறு கணக்கு. காலையில் 30 டிகிரியில் மூடிய காற்று, வார்னிஷ் பூசிய பலகைக்குள் வெயிலில் 60 டிகிரியை எட்டுகிறது என்று வையுங்கள். வெளியேற வழி இல்லையென்றால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் தள்ளு. உங்கள் மேல்தட்டின் பரப்பு கிட்டத்தட்ட 0.9 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சிறிய காரை உள்ளிருந்து தூக்கும் விசை அது. அதுவும் ஒட்டை நேராக இழுக்காமல், ஓரத்திலிருந்து உரிப்பது போல இழுக்கும். எந்தப் பசைக்கும் பிடிக்காத திசை அதுதான்.

'திருகைக் கழற்றித்தான் வைத்தேன்' என்கிறீர்கள். நம்புகிறேன். பிளந்த இடம்தான் எனக்குக் குறிப்புக் கொடுக்கிறது. திருகு வாலில் இருக்கிறது, பிளவு மூக்கில். உள்ளே நடுவில் ஒரு முதுகெலும்பும் இரு பக்கமும் விலாக்களுமாக மீன் முள்போலச் சட்டம் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு விலாவும் ஒரு தடுப்புச் சுவர். அதில் துளை இல்லையென்றால் அடுத்தடுத்த இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ள இடம் தனி அறை ஆகிவிடும். மூக்குப் பக்கம் விலாவின் உயரம் ஓர் அங்குலம்கூட இருக்காது. துளை போட்டால் முறிந்துவிடுமோ என்று அந்த இரண்டு மூன்றை மட்டும் முழுசாக விட்டுவிடுவது எல்லோரும் செய்வது. சிலர் விலாவின் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் வெட்டி வைப்பார்கள். தட்டை ஒட்டி அழுத்தும்போது பிதுங்கி வரும் பசை அந்தப் பிறையை அடைத்துவிடும். இரண்டில் எதுவானாலும் விளைவு ஒன்று. வாலில் கதவு திறந்திருக்கிறது, மூக்கறையோ பூட்டிக் கிடக்கிறது. ஓர் அடி நீள அறை என்றாலும் அதன் கூரைக்கு 120 கிலோ தள்ளு கிடைக்கும். ஒரு சாண் பிளக்க அது தாராளம்.

இது என் ஊகம். சரியா என்று பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம். வாலில் உள்ள திருகு ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயை இறுக்கமாகச் செருகுங்கள். பிளவின் மேலும் விளிம்பு நெடுகிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். பிறகு குழாயில் வாயால் ஊதுங்கள். வாயால் மட்டும். பட்டறையில் இருக்கும் கம்ப்ரஸரைக் கொண்டு வந்தால் வெயில் மிச்சம் வைத்ததை அது முடித்துவிடும். பிளவில் நுரை பொங்கினால் அந்த அறைக்கு வழி இருக்கிறது, என் ஊகம் தப்பு. நுரை வராமல், ஊதும்போது எதிர்த்துத் தள்ளுகிறது என்றால் அறை பூட்டியிருக்கிறது.

பூட்டியிருந்தால் பழுது பார்க்கலாம். பிளவுக்கும் வாலுக்கும் நடுவே உள்ள முதல் விலா எங்கே வருகிறது என்று விரலால் தட்டிக் கண்டுபிடியுங்கள், சத்தம் மாறும். முதுகெலும்பிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, அந்த விலாவின் நேர் மேலே, இரண்டரை அங்குல வட்ட ரம்பத்தால் மேல்தட்டை மட்டும் வெட்டி வில்லையை எடுங்கள். கீழே விலாவின் முதுகு தெரியும். அதில் நடுப்பகுதியை உளியால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்துங்கள். மறுபடி ஊதிப் பாருங்கள். இப்போதும் நுரை வரவில்லையென்றால் அடுத்த விலாவும் மூடியிருக்கிறது. வழி கிடைத்த பிறகு வில்லையை அதே ரேகை ஓட்டத்தில் வைத்து எபாக்சியில் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) ஒட்டுங்கள். ரம்பம் தின்ற இடைவெளியை மரத்தூள் கலந்த எபாக்சியால் நிரப்புங்கள். தழும்பு தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

நுரை வந்துவிட்டது, அப்படியும் பிளந்தது என்றால் பிளவின் உட்புறத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரு முகத்திலும் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை வேலை செய்திருக்கிறது, மரம்தான் தோற்றது. ஒரு முகம் வழவழவென்று பசையாக மின்னி, மறு முகம் துடைத்தாற்போல வெறும் மரமாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. தேக்கில் இது சகஜம். தேக்கின் எண்ணெய்தான் அதைக் கரையானிடமிருந்து காக்கிறது, அதே எண்ணெய்தான் பசையையும் விரட்டுகிறது. இழைத்த கையோடு அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்ததும் ஒட்ட வேண்டும். நேற்று இழைத்து வைத்ததை இன்று ஒட்டக் கூடாது. வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கானது.

இனி 18 கிலோ.

தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. மேலும் கீழுமாக உங்கள் பலகைக்கு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர் தோல். மூன்று நூல் என்றால் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. தோல் மட்டுமே பத்தரை கிலோவைத் தாண்டிவிடுகிறது. விளிம்பும் சட்டமும் ஒரு ஐந்தரை, மேலே போர்த்திய கண்ணாடி இழைத் துணியும் பிசினும் சேர்ந்து மிச்சம். கணக்கு உதைக்கவில்லை, நீங்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். எடுத்த மரமும் வைத்த தடிமனும்தான் கனத்துவிட்டன. இதே அளவில் நுரைப் பலகை நான்கைந்து கிலோதான் இருக்கும். அடுத்ததற்குத் தோலை இரண்டு நூலுக்கு இறக்குங்கள், அதற்கு மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்று. கன மீட்டருக்கு 280 கிலோ எடையுள்ள பவுலோனியா போன்ற மரம் கிடைத்தால் பலகை ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

உலகெங்கும் மரப்பலகை செய்பவர்கள் பவுலோனியாவைக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. எடை குறைவு, உலரும்போது அதிகம் முறுக்கிக்கொள்ளாது, உப்புநீரைச் சட்டென்று உறிஞ்சாது. பால்சா இன்னும் லேசு, 160 கிலோ அளவில் நிற்கும். ஆனால் நகம் பட்டாலே குழி விழும், நீரைக் குடிக்கும். இவை கையில் அகப்படாவிட்டால் நம் மரவாடிகளில் கேட்க வேண்டியது மலைவேம்பு. தேக்கைவிட வெகுவாக லேசு, நேரான ரேகை, விலையும் தாங்கும். அல்பீசியாவும் ஆகும், கட்டுமரக்காரர்கள் அறிந்த மரம்தான். இரண்டிலுமே வண்டு துளைத்த பலகையை விலக்குங்கள். துளை வழியாகப் பிசின் உள்ளே ஒழுகும், காற்று வெளியே கசியும்.

ஹவாய்த் தீவில் தலைவர்களின் நீண்ட 'ஓலோ' பலகைகளுக்கு எடுத்த மரம் விலிவிலி. அது நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு, இரண்டும் எரித்ரினா இனம். சளிக்கு அடை சுட்டுத் தின்னும் இலையின் சொந்தக்கார மரத்தில் அங்கே தலைவர்கள் அலையேறியிருக்கிறார்கள். உடனே வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையை வெட்டிவிடாதீர்கள். நமக்குக் கிடைக்கும் அடிமரம் நேராக இருப்பதில்லை, சீக்கிரம் மக்கிப்போகும்.

எந்த மரமானாலும் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மானி இல்லையென்றால் ஒரு துண்டை அறுத்து எடை போடுங்கள். அடுப்புப் பெட்டியில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி போடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம். 112 கிராம் 100 கிராம் ஆனால் சரி, 120 கிராம் 100 ஆனால் மரத்தை இன்னும் சில வாரம் நிழலில் அடுக்கி வையுங்கள்.

விலாவுக்கும் முதுகெலும்புக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள கடல் பிளைவுட் நான்கு மில்லிமீட்டரில் போதும். துளையை விலாவின் நடு உயரத்தில் போடுங்கள், பசை எட்டாத இடம் அது. மூக்கு விலாவிலும் கட்டாயம், அங்கே நீள்வட்டமாக வெட்டினால் முறியாது. மேல்தட்டை ஒட்டும் முன் வாலிலிருந்து மூக்குவரை எல்லாத் துளை வழியாகவும் ஒரு நூலைக் கோத்து இழுத்துப் பாருங்கள். தட்டை ஒட்டியதும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே இருங்கள், பசை இறுகும் முன் உருவி எடுத்துவிடுங்கள். இது நான் பட்டுக் கற்றது. என் இரண்டாவது பலகையும் உங்களுடையது போலவே, நின்றுகொண்டிருந்த வண்டியின் கூரைமேல் 'டப்' என்று வாய் திறந்தது.

பிசின் பூச மாலையைத் தேர்ந்தெடுங்கள். மரத்தின் துளைகளிலும் காற்று இருக்கிறது. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற அது விரிந்து பிசினில் குமிழ் விடும். வெப்பம் இறங்கும் வேளையில் பூசினால் அதே காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். எபாக்சி மஞ்சளிக்காமல் இருக்க மேலே புற ஊதா தடுக்கும் வார்னிஷ் பூச வேண்டும். உப்புத்தாள் போடும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. அந்தத் தூளின் அரிப்பு ஒரு முறை ஒட்டிக்கொண்டால் பிறகு விடாது.

உள்ளே கூடாக்கும் யோசனை புதிதல்ல. 1926இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், ஹவாயின் பழைய பலகைகளைப் பார்த்து 16 அடி ரெட்வுட் பாளத்தில் நூற்றுக்கணக்கான துளை போட்டு மேலே மெல்லிய மரத்தோல் ஒட்டினார். பிறகு விலாச் சட்டம் வைத்த கூட்டுப் பலகைக்கு 1932இல் காப்புரிமை வாங்கினார். கேலிக்காரர்கள் அதைச் சுருட்டுப் பெட்டி என்றார்கள். அந்தப் பலகைகளிலும் உள்ளே போன தண்ணீரை வடிக்க ஒரு தக்கை இருந்தது.

திருகைப் பயன்படுத்தும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கரையில் இருக்கும்போதெல்லாம் திறந்திருக்க வேண்டும், தண்ணீரில் இறங்கும்போது மூட வேண்டும். ஆனால் சுடச்சுட மூடிக்கொண்டு 28 டிகிரி கடலில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அமுக்கிப் பிடித்தால் எவ்வளவு வேகத்தில் நீர் கசியுமோ, அவ்வளவு வேகத்தில் மயிரிழைக் கீறல் வழியாகவும் உள்ளே இழுக்கும். எனவே திறந்த வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைமேல் கடல்நீரை நாலைந்து முறை வாரி ஊற்றுங்கள், கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும், பிறகு மூடுங்கள். கரையேறியதும் முதல் வேலை திருகைக் கழற்றுவது. காதருகே வைத்து ஆட்டுங்கள், சலசலத்தால் வாலைக் கீழே சாய்த்து வடியுங்கள். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த திருகுகளும் உண்டு, கிடைத்தால் அடுத்த பலகைக்கு அதையே வாங்குங்கள். மறதிக்கு அதுதான் மருந்து.

தேக்குப் பலகையைக் கழித்துவிட வேண்டாம். பிளவைப் பழுது பார்த்து முட்டுக்காடு காயலில் படுத்தபடி கையால் துழாவப் பழகுபவர்களுக்குக் கொடுங்கள். அலை இல்லாத நீரில் 18 கிலோ பெரிய குறை இல்லை.