புதுச்சேரி பக்கம் சைக்கிள் பாதைகளில் காணும் செம்மண் பள்ளங்கள் எப்படி உருவாயின?

புதுச்சேரியிலிருந்து ஆரோவில் பக்கம் காட்டுப்பாதையில் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அடிக்கடி கேட்பது இது. அவை நீரரிப்புப் பள்ளங்கள். மழைத்தண்ணீர் ஒரே தடத்தில் ஓடி ஓடி மண்ணை ஆழமாக அறுத்ததால் வந்தவை.

காரணம் நிலத்தடியிலேயே இருக்கிறது. இந்த மேட்டுநிலம் ‘கடலூர் மணற்கல்’ எனப்படும் படிவம். பெயர்தான் கல், பல இடங்களில் கையால் தேய்த்தாலே உதிரும். இரும்புத் துரு கலந்திருப்பதால் சிவப்பு. மரம் இருந்தவரை வேர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தன. காடு வெட்டப்பட்டு, ஆடுமாடு மேய்ந்து தரை மொட்டையானதும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நேரே மண்ணில் இறங்கியது. வாசலில் கொட்டிய மணல் குவியல்மேல் கூரைத் தண்ணீர் ஒழுகினால் கோடு கோடாக அறுபடுமே, அதேதான்.

1968-ல் ஆரோவில் தொடங்கியபின் அங்கே வந்தவர்கள் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், மரம் நட்டார்கள். இன்று நிழலில் ஓட்டுகிறோம் என்றால் அந்த உழைப்புதான். பாதையோரம் நீளமாகப் போகும் தாழ்வான மண்மேட்டைப் பார்த்தால் அது வரப்பு. தயவுசெய்து அதன்மேல் ஏற்றி ஓட்டாதீர்கள்.

மழை விட்ட மறுநாள் போக வேண்டாம். ஈரச் செம்மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. பள்ளத்தின் விளிம்பு அடியில் குடைந்திருக்கும், மிதித்தால் சரியும்.

ஒரு சைக்கிள் தடம் என்ன செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரிவில் நேராக இறங்கிய டயர் தடம்தான் அடுத்த மழைக்கு வாய்க்கால்.