கம்பத்து விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

பழைய தெருவிளக்குகளைத் தேடி வாங்கிச் சேர்க்கும் வாசகர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்தும் கௌட்டெங்கிலிருந்தும் கிம்பர்லியிலிருந்தும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலான கடிதங்கள் பல்பைப் பற்றித்தான் கேட்கின்றன. விடையோ பல்புக்குப் பின்னால் இருக்கும் சோக் (பல்பின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது), இக்னைட்டர் (பற்றவைக்க உயர்வோல்ட் துடிப்பு தருவது), கெப்பாசிட்டர் (லைனிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைப்பது) மூன்றில்தான் அதிகம் கிடைக்கிறது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் 70 வாட் சோடியம் விளக்கு ஒன்று வாங்கினேன். நன்றாக எரிகிறது. சில நிமிடத்தில் பட்டென்று அணைகிறது. கொஞ்ச நேரத்தில் தானே மறுபடி எரிகிறது. இக்னைட்டர் போய்விட்டதா?
– மெர்பேங்க் வாசகர்

பதில்: இக்னைட்டர் நன்றாகவே இருக்கிறது, ஐயா. ஒவ்வொரு முறையும் பல்பைத் திரும்பப் பற்றவைப்பதே அதுதான். ஆயுள் முடிந்தது பல்புக்கு.

புது 70 வாட் (உயர் அழுத்த) சோடியம் பல்பின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 90 வோல்ட் நிற்கும். வயதாக ஆக, சுடர் எரியும் உள்குழாயின் முனைகள் கறுக்கும், சோடியம் குறையும், இந்த வோல்ட் ஏறிக்கொண்டே போகும். பல்பு சூடேறும்போதும் வோல்ட் ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் 230 வோல்ட் லைனில் இருக்கும் சோக்கால் அந்தச் சுடரைப் பிடித்து வைக்க முடியாது. அதனால் அணைகிறது. ஒரு நிமிடம் போல ஆறி உள்ளே அழுத்தம் இறங்கியதும் இக்னைட்டர் மறுபடி பற்றவைக்கிறது. இப்படியே இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள், இக்னைட்டரும் சோக்கும் அதோடு சேர்ந்து கெடும்.

புதுப் பல்பு போட்டும் இதே கதை என்றால் மூன்றைப் பாருங்கள். சோக்கின் மேல் 70 வாட் சோடியம் என்றே எழுதியிருக்கிறதா? 80 வாட் மெர்குரி சோக்கை மாட்டி விற்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் வோல்ட் மாலை நேரத்தில் மிகவும் இறங்குகிறதா? பிரதிபலிப்புத் தகடு பழைய இடத்திலேயே இருக்கிறதா? தகடு பல்போடு ஒட்டி நின்றால் வெப்பம் உள்குழாய்க்கே திரும்பும்.

அளந்து பார்க்க, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் காட்டும் கிளாம்ப் மீட்டர் போதும். பல்புக்குப் போகும் கம்பியில் ஏறக்குறைய 1 ஆம்பியர் ஓட வேண்டும். லைனிலிருந்து விளக்குக்கு வரும் கம்பியில் 0.4 ஆம்பியர் அளவில் காட்டினால் கெப்பாசிட்டர் வேலை செய்கிறது. அங்கும் 1 ஆம்பியர் காட்டினால் கெப்பாசிட்டர் செத்துவிட்டது. 12 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் ஏ.சி. ஒன்று போடுங்கள். சாதாரண மல்ட்டிமீட்டரைப் பல்பின் முனைகளில் வைக்கவே வேண்டாம். 70 வாட் இக்னைட்டரின் துடிப்பு ஏறத்தாழ 2,000 வோல்ட், பெரிய பல்புகளுக்கு 4,000-ஐயும் தாண்டும். மீட்டர் போவதோடு நிற்காது, கையும் போகும்.

இக்னைட்டர் மாற்ற நேர்ந்தால் வகையைக் கவனியுங்கள். ஒரு வகை சோக்குக்கும் பல்புக்கும் நடுவே தானே துடிப்பை உண்டாக்கும். அதைப் பல்புக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மீட்டருக்குள் வைக்க வேண்டும். இன்னொரு வகை சோக்கின் நடுமுனையைப் பயன்படுத்தித்தான் துடிப்பை எழுப்பும். நடுமுனை இல்லாத சோக்கில் அதை மாட்டினால் விளக்கு பற்றாது. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விளக்கின் உடலுக்கு எர்த் கொடுத்து, எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சர்க்யூட்டில் மட்டும் இணையுங்கள்.

கேள்வி: 125 வாட் மெர்குரி விளக்கு கைவசம் இருக்கிறது. பல்பு கிடைப்பது அரிதாகிறது. சோடியம் பல்போ எல்.இ.டி. பல்போ போடலாமா?
– சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: சாதாரண சோடியம் பல்பு வேண்டாம். மெர்குரி பல்புக்குள்ளேயே பற்றவைக்கும் துணை முனை இருப்பதால் அந்த விளக்கில் இக்னைட்டர் கிடையாது. தனியாக இக்னைட்டர் சேர்க்கவும் கூடாது. மெர்குரி விளக்கின் ஹோல்டரும் கம்பியும் அந்தத் துடிப்பைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. 125 வாட் மெர்குரி சோக்கிலேயே எரிவதற்கென்று 110 வாட் சோடியம் பல்பு ஒன்று செய்தார்கள். பழைய சரக்கில் கிடைத்தால் அது மட்டும் பொருந்தும்.

எல்.இ.டி. பல்பு போடுவதானால் சோக்கையும் கெப்பாசிட்டரையும் பாதையிலிருந்து விலக்கி 230 வோல்ட்டை நேரே ஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் எதையும் வெட்டி எறியாதீர்கள். முனைகளைக் கழற்றி, காப்பிட்டு, சோக்கை அதே இடத்தில் விட்டுவையுங்கள். கதவுக்குள் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்: "சோக் விலக்கப்பட்டது, 230 வோல்ட் நேரடி". சோக் போன விளக்கு எங்கள் கண்ணில் பாதி விளக்குதான். மூடிய கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பின் மின்னணு வெந்து சீக்கிரம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெர்குரி பல்பின் வெளிக்கண்ணாடி உடைந்தாலும் உள்குழாய் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது வெளிவரும் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். உடனே அணையுங்கள். 1970-களின் முடிவுக்கு முன் செய்த தகர டப்பா கெப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். மூடியின் ஓரத்தில் வெள்ளை நார்க்கயிறு போல் ஏதாவது இருந்தால் சுரண்டவும் வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2008-இல் தடை செய்த பொருள் அது, அகற்றுவதற்கு அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கடற்கரை விளக்கு ஒன்றின் திருகுகள் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டன. தலை முறிந்துவிடுமோ என்று பயம்.
– இசிபிங்கோ வாசகி

பதில்: உப்புக்காற்றில் எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரையை அடைத்துக்கொள்கிறது. முதலில் மூடியையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்தை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகமாக விரிவதால் பிடி தளரும். ஆறியதும் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், அக்கா. எண்ணெய் விட்ட பிறகு சூடாக்குவது ஆபத்து. கழற்றும்போது முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் அசையாவிட்டால் துளையிடுவதுதான் வழி.

திரும்பப் போடுவதற்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு, மரையில் பிடிப்பு தடுக்கும் கிரீஸ். தாமிரம் கலந்த கிரீஸ் அலுமினியத்துக்கு ஆகாது. மூடி அக்ரிலிக் என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும். ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும்.

கேள்வி: கொல்லையில் நட்ட விளக்கு அந்தி நேரத்தில் எரிந்து எரிந்து அணைகிறது. போட்டோசெல் புதுசு.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: இருட்டினால் விளக்கைப் போடும் அந்தப் போட்டோசெல், தன் விளக்கின் வெளிச்சத்தையே பார்க்கிறது. பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தாலும் இப்படித்தான் ஆகும். செல்லின் கண்ணைத் திருப்பிவையுங்கள். மூன்று முள் சாக்கெட்டின் அடிப்பகுதியைத் தளர்த்திச் சுழற்றலாம். வடக்கு நோக்கி வைக்கச் சொல்லும் குறிப்புகள் வட அரைக்கோளத்துக்கானவை. நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால் கண் தெற்கே பார்க்க வேண்டும். சோதிக்க, கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடி ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். மின்னல், கார் வெளிச்சம் இவற்றுக்கு ஏமாறாமல் இருக்க அதற்குள் தாமதம் வைத்திருக்கிறார்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து பகலில் மின்சாரம் வந்ததும் விளக்கு சற்று எரிந்து அணைந்தால் அது கோளாறு அல்ல. வெப்பத் தகட்டில் இயங்கும் பழைய வகை செல் அப்படித்தான். இரவில் மின்சாரம் திரும்பும்போது சோடியம் ஒரு நிமிடம் போல, மெர்குரி ஐந்து நிமிடம் போல ஆறிய பிறகே பற்றும்.

கேள்வி: மாமா லண்டனில் எடுத்த பழைய படத்தில் தெருவிளக்கின் கீழே சிவப்புக் கார் கறுப்பாகத் தெரிகிறது. ஏன்?
– லெனேஷியா பள்ளி மாணவர்

பதில்: அது குறைந்த அழுத்த சோடியம் விளக்கு, தம்பி. அதன் ஒளி முழுக்க 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரே மஞ்சள். அதில் சிவப்பே இல்லாதபோது சிவப்புக் கார் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. அந்தப் பல்பு கையில் கிடைத்தால் உடையாமல் பார்த்துக்கொள்: உள்ளே இருப்பது உலோக சோடியம், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: உலகிலேயே முதலில் மின்சாரத் தெருவிளக்கு போட்டது கிம்பர்லிதானாமே?
– கிம்பர்லி வாசகர்

பதில்: ஆப்பிரிக்காவில் முதல் என்று சொல்லுங்கள், அதுவே பெரிய பெருமை. கிம்பர்லியில் மின்விளக்கு எரிந்தது 1882 செப்டம்பரில். பாரிஸில் 1878-லும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1879-லும் கார்பன் வில்விளக்குகள் தெருவில் எரிந்துவிட்டன.

கேள்வி: புது எல்.இ.டி. தெருவிளக்கைச் சேர்ப்பதில் என்ன இருக்கிறது? எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவே.
– டோங்காட் வாசகர்

பதில்: உள்ளே திறந்து பாருங்கள், ஒன்றுபோல இருக்காது. எதையும் தொடுமுன் டிரைவரின் (எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தை அளவாகக் கொடுக்கும் பெட்டி) சீட்டைப் படம் எடுங்கள். வெயிலில் அது மங்கி அழிந்துவிடும். டிரைவரை மாற்றும்போது வாட் ஒத்துப்போனால் மட்டும் போதாது. 350, 500, 700 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும் மின்னோட்டமும், வோல்ட்டின் கீழ்மேல் எல்லையும் எல்.இ.டி. பலகையோடு பொருந்த வேண்டும். நள்ளிரவில் வெளிச்சம் தானே குறைந்தால் பயப்படாதீர்கள், முனிசிபாலிட்டிக்காக எழுதிய கால அட்டவணை டிரைவரில் இன்னும் இருக்கிறது. கூட்டின் மேலோ அடியிலோ உள்ள சிறிய நான்கு முனை சாக்கெட் 24 வோல்ட்டுக்கானது, அதில் 230 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். எல்.இ.டி. பலகையை முதலில் இணைத்துவிட்டுப் பிறகே டிரைவருக்கு மின்சாரம் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் பலகையைச் சொருகினால், சுமையில்லாமல் உச்சத்துக்கு ஏறி நிற்கும் வோல்ட் ஒரே நொடியில் அதைச் சுட்டுவிடும்.