வாசகர் கேள்வி – பதில்: ஸ்கேன் செய்யும் பொம்மைகளும் கார்டுகளும்

கோடை விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, வடசென்னை வாசகர்களிடமிருந்து ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. வீடியோ கேம் கன்சோலில் வைத்து ஸ்கேன் செய்தால் விளையாட்டுக்குள் தோன்றும் பொம்மைகளையும் கார்டுகளையும் பற்றியவை அவை. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த என் கொழுந்தனார் என் மகனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் ஒன்றையும், வாளேந்திய வீரனாகிய லிங்க் என்னும் பாத்திரத்தின் அமீபோ பொம்மையையும் வாங்கித் தந்தார். பொம்மையைக் கன்ட்ரோலரின் மேல் எத்தனை முறை வைத்தாலும் எதுவும் நடக்கவில்லை. பேட்டரி போடும் இடமும் அதில் இல்லை. பொம்மை போலியா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போலி என்று இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். நின்டெண்டோ விற்கும் ஸ்கேன் பொம்மைகளுக்கும் கார்டுகளுக்கும் உள்ள பெயரே அமீபோ, அவற்றுக்குப் பேட்டரி தேவையில்லை. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் நுழைவுக் கதவில் நீங்கள் காட்டும் சிங்காரச் சென்னை அட்டையை நினைத்துப் பாருங்கள். அதிலும் பேட்டரி கிடையாது. கதவிலுள்ள கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரப்பும் காந்தப்புலம், அட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருளில் சிறிதளவு மின்சாரத்தைத் தூண்டுகிறது, அந்த மின்சாரத்தில் கண்விழிக்கும் சில்லு தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடியும் அடங்கிவிடுகிறது. பொம்மையின் வட்டமான அடிப்பீடத்துக்குள் இருப்பதும் அதே வகை அமைப்புதான், என்.எஃப்.சி. என்று அதைக் குறிப்பிடுவார்கள். அதன் எல்லை சில சென்டிமீட்டர்களே என்பதால், எங்கே வைக்கிறோம் என்பது மிகவும் முக்கியம்.

உங்கள் வீட்டில் தவறு நேர்ந்திருப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஸ்விட்சின் இரண்டு ஜாய்-கான் கன்ட்ரோலர்களில் வலப்பக்கத்தில் உள்ளதற்கு மட்டுமே பொம்மையைப் படிக்கும் திறன் உண்டு. அதன் குமிழ்போன்ற ஸ்டிக்கின் மேல் பொம்மையின் அடிப்பீடத்தை வைத்து, திரையில் அடையாளம் தெரியும் வரை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். இடப்பக்க ஜாய்-கானில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை. ஸ்விட்ச் லைட் என்றால் அங்கும் வலப்பக்க ஸ்டிக்தான். புரோ கன்ட்ரோலர் என்றால் நடுவிலுள்ள ஸ்விட்ச் சின்னத்தின் மேல் வைக்க வேண்டும். கன்ட்ரோலரை இரும்பு பீரோவின் மேலோ எவர்சில்வர் தட்டின் மேலோ வைத்துக்கொண்டு முயலவும் வேண்டாம், ஏனென்றால் அருகிலிருக்கும் உலோகம் அந்தக் காந்தப்புலத்தைக் கெடுத்துவிடும்.

இடம் சரியாக இருந்தாலும், விளையாட்டு கேட்காத வரையில் பொம்மை பேசாது. எடுத்துக்காட்டாக, லிங்க் நாயகனாக வரும் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில், அமைப்புகள் பகுதிக்குச் சென்று அமீபோவைப் பயன்படுத்தலாம் என்று முதலில் நாமே அனுமதி தர வேண்டும். அதன் பிறகும் ஒரு பொம்மையை ஒரு நாளில் ஒரு முறைதான் ஸ்கேன் செய்ய முடியும். உணவுப் பொருள்களும் ஆயுதங்களும் கிடைக்கும், அதிர்ஷ்டமிருந்தால் குதிரையும் வரும். எந்த விளையாட்டும் இல்லாமல் பொம்மையை மட்டும் சோதிக்க விரும்பினால், கன்சோலின் சிஸ்டம் செட்டிங்ஸில் அமீபோ என்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே உரிமையாளர் பெயரைப் பதிவு செய்யலாம், பழைய பதிவை அழிக்கவும் செய்யலாம். அங்கும் பொம்மை அடையாளம் காணப்படவில்லை என்றால்தான் சில்லு பழுதா, பொம்மை போலியா என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு.

கேள்வி: பாரிமுனையில் பழைய பொருள்கள் விற்கும் ஒருவரிடம் பன்னிரண்டு ஸ்கைலேண்டர்ஸ் பொம்மைகளை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினேன். வீட்டில் பி.எஸ். 4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோல் இருக்கிறது. இவற்றை எப்படி இணைப்பது?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் பொம்மைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், பொம்மையை மேலே வைத்துப் படிக்கும் பீடத்தைப் பற்றியும் விளையாட்டு டிஸ்க்கைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லாததால், அவை உங்களிடம் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொம்மைக்குள் விளையாட்டு இல்லை. அதற்குள் இருப்பது ஒரு திறவுகோலும், அந்தப் பாத்திரம் சேர்த்த பணம், எட்டிய நிலை, சூட்டப்பட்ட பெயர் போன்ற சிறு குறிப்புகளும் மட்டுமே. திறவுகோலுக்குப் பூட்டும் வேண்டும், கதவும் வேண்டும் அல்லவா? போர்ட்டல் எனப்படும் பீடம்தான் பூட்டு, விளையாட்டு டிஸ்க்தான் கதவு.

இந்த வரிசை 2011-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் வெளியீடாகத் தொடங்கி, 2016-இல் வந்த 'இமேஜினேட்டர்ஸ்' விளையாட்டோடு நின்றுபோனது. ஆகவே பீடத்தையும் டிஸ்க்கையும் இனிப் பழைய பொருள் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும், தேடும்போது சில செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைகள் எல்லாக் கன்சோல்களுக்கும் பொதுவானவை; நண்பர் வீட்டில் வேறு கன்சோல் இருந்தாலும், உங்கள் பொம்மையை எடுத்துச் சென்று அங்கே வைத்தால், அது உங்கள் வீட்டில் எட்டிய நிலையோடே அங்கும் தோன்றும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு இதுவே. பீடம் அப்படிப் பொதுவானதல்ல. எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான பீடம் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டுமே உரியது. கம்பியில்லாத பழைய பீடங்களோ, அவற்றோடு வந்த சிறிய யு.எஸ்.பி. துண்டு தொலைந்துவிட்டால் எதற்கும் உதவாதவை. அந்தத் துண்டு இல்லாத பீடத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். உங்களுக்கு ஏற்றது, பி.எஸ். 4-க்கென்று விற்கப்பட்ட தொகுப்பின் பீடமும் டிஸ்க்கும் சேர்ந்தது. அதிலும் 'இமேஜினேட்டர்ஸ்' கிடைத்தால் நல்லது, ஏனென்றால் பிந்தைய விளையாட்டு முந்தைய பொம்மைகளை ஏற்கும், முந்தைய விளையாட்டுக்குப் பிந்தைய பொம்மைகளைத் தெரியாது. அதே விளையாட்டின் ஸ்விட்ச் பதிப்புக்குப் பீடமே வேண்டாம். ஜாய்-கானில் ஸ்கேன் செய்தாலே போதும். பொம்மையில் முந்தைய உரிமையாளரின் பதிவு இருந்தால், விளையாட்டுக்குள்ளேயே அதை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம்.

இதே போன்ற வேறு இரண்டு வரிசைகளும் அந்தச் சந்தையில் கண்ணில் படக்கூடும். 2013-இல் வந்த 'டிஸ்னி இன்ஃபினிட்டி' 2016-இல் நிறுத்தப்பட்டது. 2015-இல் தொடங்கிய 'லெகோ டைமென்ஷன்ஸ்' 2017-இல் முடிவுக்கு வந்தது. லெகோவில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: சில்லு இருப்பது பொம்மையில் அல்ல, அதன் காலடியிலுள்ள வட்டத் தட்டில். தட்டில்லாமல் பொம்மையை மட்டும் வாங்கினால் அது அலமாரிக்குத்தான் ஆகும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, மகளின் பொம்மைகளும் கார்டுகளும் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன. மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். தூக்கி எறிந்துவிடலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: எறிய வேண்டாம். பொம்மையின் சில்லும் கம்பிச்சுருளும் அடிப்பீடத்துக்குள் மூடியிருக்கின்றன, வெளியே தெரியும் உலோக முனை எதுவும் இல்லை. அதனால் வெள்ளத்துக்கும் உங்கள் பகுதியின் உப்புக்காற்றுக்கும் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் வைக்காமல் நிழலில் நன்றாக உலர்த்திய பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். கார்டுகளைப் பற்றி அதே நம்பிக்கையைத் தர முடியவில்லை. நனைந்த கார்டின் அடுக்குகள் பிரிந்திருந்தாலோ மடிப்பு விழுந்திருந்தாலோ உள்ளிருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருக்கலாம். பீடம் போன்ற துணைக்கருவிகளின் யு.எஸ்.பி. முனையில் பச்சையோ துருவோ படிந்திருந்தால், அதைக் கன்சோலில் செருகவே கூடாது.

கேள்வி: எல்லாப் பாத்திரங்களும் அடங்கிய அமீபோ கார்டுத் தொகுப்பு என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். ஒரு சிறிய கார்டில் அத்தனை விலைமதிப்புள்ள செய்தி எப்படி அடங்குகிறது? வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: அடங்கும் செய்தி மிகக் குறைவு. அமீபோவில் உள்ள என்டேக் 215 என்ற சில்லின் மொத்த நினைவகம் 540 பைட்டுகள், அதில் எழுதக் கிடைப்பவை 504. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட்டுகள் வேண்டும் என்பதால் அதில் 168 குறிகளே அடங்கும். அஞ்சலட்டையில் நான்கைந்து வரி எழுதலாம், அவ்வளவுதான். இந்தப் பொம்மை யார் என்ற அடையாளம், உரிமையாளரின் பெயர், ஏதேனும் ஒரு விளையாட்டின் சிறு பதிவு ஆகியவற்றோடு இடம் தீர்ந்துவிடுகிறது. 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டில் நிலை 50 வரை பழக்கிய பொம்மையில், பதிவெழுதும் வேறொரு விளையாட்டைச் சேமிக்க வேண்டுமானால், முதல் பதிவை அழித்தே தீர வேண்டும் என்பதற்குக் காரணமும் இந்த இடப் பற்றாக்குறைதான். வெறுமனே படிக்க மட்டும் செய்யும் விளையாட்டுகளால் அந்தப் பதிவுக்கு இடையூறு இல்லை.

நீங்கள் சொல்லும் மலிவுத் தொகுப்புகள் உரிமையின்றி எடுத்த நகல்கள். அசல் பொம்மையின் செய்தி மறைகுறியாக்கப்பட்டு, அந்தச் சில்லின் தனி எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாதுகாப்பை மீறித்தான் நகல்களை எழுதுகிறார்கள். கன்சோல் அவற்றைப் படிப்பதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவை பிறருடைய உழைப்பை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்பவை, குறையிருந்தால் யாரிடமும் கேட்க முடியாதவை, ஒரு முறை எழுதிப் பூட்டிய பிறகு வேறு பாத்திரமாக மாற்றவும் முடியாதவை. அதே சமயம், பொம்மை விற்பவர்கள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2021-இல் வந்த 'ஸ்கைவார்ட் சோர்ட்' விளையாட்டின் மறுபதிப்பில், தரையிலிருந்து வானத்துக்கு நினைத்த இடத்தில் சென்றுவரும் வசதியைத் தனியாக விற்ற ஓர் அமீபோவுக்குப் பின்னால் பூட்டி வைத்தார்கள். அலங்காரத்துக்கான ஓர் உடையைப் பூட்டி வைப்பதை ஏற்கலாம். முழு விலை கொடுத்தவருக்கு விளையாட்டின் ஒரு வசதியை மறுப்பது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: சிறுவயதில் வியாசர்பாடித் தெருக்களில் தீப்பெட்டிப் படம் சேர்த்து, கோலிக்குப் பந்தயம் வைத்தவன் நான். கார்டை ஸ்கேன் செய்து விளையாடுவது முற்றிலும் புதிய வழக்கமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வியாசர்பாடி

பதில்: ஐயா, நீங்கள் நினைப்பதைவிட இது பழையது. 1991-இல் ஜப்பானின் எப்பாக் நிறுவனம் 'பார்கோடு பேட்லர்' என்ற கைக்கருவியை விற்றது. அதனுடன் வந்த கார்டுகளை மட்டுமல்லாமல், மளிகைப் பொருள்களின் உறையிலுள்ள பார்கோடு என்னும் கோட்டுக்குறியையும் அதில் தேய்க்கலாம். அந்த எண்களிலிருந்து ஒரு வீரனின் வலிமையைக் கருவி கணக்கிடும். எந்தச் சோப்பு உறைக்குள் எந்த வீரன் ஒளிந்திருப்பான் என்று பிள்ளைகள் தேடியிருப்பார்கள் என்பதை, தீப்பெட்டிப் படம் பொறுக்கிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2001-இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் நின்டெண்டோ வெளியிட்ட இ-ரீடர்தான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்வது. கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியோடு இணையும் அதில், கார்டின் ஓரத்தில் அச்சிட்ட நுண்புள்ளிப் பட்டையைத் தேய்த்தால், ஒரு நீளப் பட்டையிலிருந்து சுமார் 2.2 கிலோபைட் செய்தி உள்ளே செல்லும். பல கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்தால் ஒரு சிறிய பழைய விளையாட்டே முழுமையாகக் கருவிக்குள் இறங்கிவிடும். மேலே பழைய வண்ணாரப்பேட்டை வாசகருக்குப் பொம்மைக்குள் விளையாட்டு இல்லை என்று எழுதினேன்; இந்தக் கார்டுகளில் விளையாட்டு உண்மையாகவே மையில் அச்சாகி இருந்தது. 2007-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'தி ஐ ஆஃப் ஜட்ஜ்மென்ட்' வேறு வழியில் சென்றது. மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட விரிப்பில் கார்டுகளை வைக்க, மேலிருந்து நோக்கும் கேமரா அவற்றின் குறிகளைப் படித்து, திரையில் அந்தக் கார்டின் மேலேயே உருவங்களை எழுப்பியது. சில்லு பதித்த அமீபோ 2014 நவம்பரில் வந்தது.

கேள்வி: என் இரண்டு மகன்களும் 'அனிமல் கிராசிங்' விளையாட்டின் அமீபோ கார்டுகளுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறார்கள். உறையைப் பிரிக்காமல் உள்ளே எது இருக்கிறதென்று தெரியவில்லை, ஆளுக்கொரு தொகுப்பு வாங்கக் கட்டுப்படியாகாது. என்ன செய்வது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஆளுக்கொரு தொகுப்பு தேவையே இல்லை. முதல் நான்கு வரிசைகளில் வரிசைக்கு 100 கார்டுகள், 2021-இல் வந்த ஐந்தாவது வரிசையில் 48 கார்டுகள் என்று எண்ணிக்கை பெரிது. உறையைப் பிரித்துப் பிரித்து முழுவதையும் சேர்க்க முயன்றால் ஒரே கார்டு திரும்பத் திரும்ப வந்து பணம் கரையும். ஒரு கார்டு ஒரு கன்சோலோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 'அனிமல் கிராசிங்' வரிசையின் 'நியூ ஹொரைசன்ஸ்' விளையாட்டில் முகாமிடம் அமைந்த பிறகு, கார்டிலுள்ள பாத்திரத்தை அங்கே அழைக்கலாம். வெவ்வேறு மூன்று நாள்கள் அழைத்து, அது கேட்கும் பொருளைச் செய்து தந்தால், அது விளையாட்டிலுள்ள உங்கள் தீவில் குடியேறச் சம்மதிக்கும். குடியேறிய பிறகு அதை அங்கே வைத்திருக்கக் கார்டு வேண்டாம். ஆகவே அண்ணன் மூன்று நாள் பயன்படுத்திவிட்டுத் தம்பியிடம் தரலாம், தம்பி அதை எதிர்வீட்டு நண்பனுக்குக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். தெருவிலுள்ள நான்கு வீடுகள் சேர்ந்து ஆளுக்குச் சில உறைகள் வாங்கி, எந்தக் கார்டு யாரிடம் இருக்கிறதென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். கார்டுகளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.