அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி: எண்ணத் தெரியாதவனிடம் கணக்குக் கேட்காதீர்கள்

பைத்தானில் ஒரு ஃபார்முலாவிலிருந்து முதல் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் பிரித்தெடுக்க இரண்டு நாளாக ரெஜெக்ஸோடு (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் பேட்டர்ன்) மல்லுக்கட்டுகிறேன், ஒன்று மொத்தத்தையும் விழுங்குகிறது, இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது, எங்கே தப்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பேட்டர்னில் தப்பில்லை, கருவிதான் தப்பு. கூட்டு(வரி(10), 5) + கழி(3) என்ற வரியில் \(.*\) போட்டால் முதல் திறப்பிலிருந்து கடைசி மூடல் வரை, கழி(3) உட்பட, அள்ளிக்கொண்டு வரும். சரி, ஒரு கேள்விக்குறி சேர்த்து \(.*?\) என்று மாற்றினால் (வரி(10) என்பதோடு நின்றுவிடும். எத்தனை திறந்தோம், அதில் எத்தனையை மூடினோம் என்ற கணக்கு ரெஜெக்ஸிடம் கிடையாது.

கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தாகப் போய், திறந்தால் ஒன்று கூட்டி, மூடினால் ஒன்று கழியுங்கள், மறுபடி பூஜ்யம் ஆனதும் நிறுத்துங்கள். மேலே உள்ள வரியில் 1, 2, 1, 0 என்று போய் 5-ஐ அடுத்த மூடலில் சரியாக நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் மூடல் ஒன்று கூடுதல். பத்து வரி கோட், அவ்வளவுதான்.

ஆனால் இணையத்தில் தேடினால் ‘ஒரே வரியில் முடிக்கலாம்’ என்று, தன்னையே தனக்குள் மறுபடி அழைக்கும் ரிகர்சிவ் பேட்டர்னைத் தலையில் கட்டுவார்கள். பெர்லிலும் பிஎச்பியிலும் ஓடுகிற அது, பைத்தானோடு வரும் ஆர்ஈ மாட்யூலில் எரர்தான் கொடுக்கும். அதைவிட ஆபத்து \(([^()]+)*\) மாதிரி + உள்ளேயும் * வெளியேயும் இருக்கும் சரக்கு: மூடாத அடைப்புக்குறி ஒன்று வந்தால் எல்லா வழியையும் திரும்பத் திரும்ப முயன்று அப்படியே தொங்கிவிடும். 2019 ஜூலை 2 அன்று, ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் நின்று சேவை தரும் கிளவுட்ஃப்ளேரை 27 நிமிடம் படுக்கவைத்தது இப்படித் திரும்பத் திரும்ப முயன்ற ரெஜெக்ஸ் ஒன்றுதான். இருந்தும் கோட் ரிவ்யூவில் உட்காருபவர்கள் ‘ஏன் பத்து வரி?’ என்று கேட்பதை விடமாட்டேன் என்கிறார்கள்!

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம். மேற்கோளுக்குள் இருக்கும் அடைப்புக்குறியை எண்ணவே கூடாது. மேற்கோள் திறந்ததும் ‘உள்ளே இருக்கிறோம்’ என்று குறித்துவைக்க ஒரு கொடி வைத்து, அது மூடும்வரை கணக்கை நிறுத்துங்கள், உள்ளே \ வந்தால் அடுத்த எழுத்தைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் \" என்பதையே மேற்கோளின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். நான் இதை விட்டுவிட்டுத்தான் ஒரு ராத்திரி முழுக்க லாக் பார்த்தேன். கடைசியில் அகப்பட்டது, யாரோ ஒரு வாடிக்கையாளர் சந்தோஷமாகத் தட்டியிருந்த குறிப்பு("நன்றி :)", 5).