கிழங்கு வேறு, ஜவ்வரிசி வேறு

கேள்வி: என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அரிசியை நிறுத்திவிட்டு, மூன்று வாரமாகக் காலையில் நாட்டுச்சர்க்கரை போட்டு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறேன். நம் ஊர்க் கிழங்கில் செய்ததுதானே, இயற்கை உணவுதானே? ஆனாலும் சர்க்கரை இறங்கவே இல்லையே, ஏன்?
– ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: அந்தக் கஞ்சியை நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடுங்கள், அம்மா. உங்கள் அக்கறையில் குறையில்லை. ‘இயற்கை’ என்ற சொல்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

ஆத்தூரில் இருக்கிறீர்கள். ஜவ்வரிசி எப்படி ஆகிறது என்று ஒரு முறை ஆலையில் போய்ப் பாருங்கள். மரவள்ளியின் தோலைச் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலிக்கிறார்கள். சலிப்பில் நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். கிழங்கின் நார் அதோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. கீழே இறங்கும் பாலைத் தொட்டியில் தெளிய விட்டு, மேல் நீரை வடிக்கிறார்கள். நீரில் கரையும் சத்துகள் அதோடு போயின. அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் வெறும் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. நீங்கள் நிறுத்திய அரிசியிலாவது புரதம் 8 கிராம் அளவுக்கு உண்டு! சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அது எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கான சான்று. சத்துக்கான சான்று இல்லை.

அதைக் கஞ்சியாகக் குழைத்துக் குடித்தால் மெல்ல வேண்டிய வேலையும் இல்லை, தடுத்து நிறுத்த நாரும் இல்லை. சர்க்கரை விறுவிறுவென்று ஏறத்தான் செய்யும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், நிறம் மட்டுமே வேறு.

பதிலுக்குச் சாமை கொடுங்கள். சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் விளைவது. ஆனால் அதிலும் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்: உமி மட்டும் நீக்கியதா, தவிடும் போகத் தீட்டியதா? தீட்டிய சாமை வெள்ளை வெளேரென்று இருக்கும். தீட்டாதது மங்கலான பழுப்பு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறிப்போகும், வண்டும் வரும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை வந்தால் சமைக்காதீர்கள்.

ஒரு ஆளுக்குச் சாமை 50 கிராம், முழுப் பாசிப்பயறு 25 கிராம். கல் போக அரித்து, இரவே ஊற வையுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், மிளகு, சீரகம், இஞ்சி போட்டுக் குக்கரில் நான்கு விசில். ஊறாத சாமை வெளியே வெந்ததுபோல் இருந்து உள்ளே விறைத்திருக்கும். வயிறு உப்புசம் என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். முதல் வாரம் ஒரு நேரம் மட்டும் கொடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் கீரையோ அவரைப் பொரியலோ இருக்கட்டும். 100 கிராம் சாமையிலும் மாவுச்சத்து 65 கிராம் உண்டு, ஆகவே அளவை மீற வேண்டாம். மாவாகத் திரித்துக் கஞ்சி காய்ச்சவும் வேண்டாம். நைசாகத் திரித்தால் பழைய கதைதான்.

‘சிறுதானிய’ நூடுல்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். எடை அதிகமானதுதான் பட்டியலில் முதலில் வரும். முதலில் மைதா இருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

கிழங்கே பிடிக்கும் என்றால், ஆலைக்குப் போகும் லோடிலிருந்து எடுக்காதீர்கள்; அதில் கசப்பு ரகம் இருக்கலாம், சயனைடு நஞ்சு கூடுதல். சாப்பிடும் ரகமாக வாங்கித் தோலை முழுக்க உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, நீரை வடித்துவிடுங்கள். மாமியாருக்கு இரண்டு துண்டு, சுண்டலோடு.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; சாப்பாடு மாறுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டி வரலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாமை சாப்பிடும் நாள்களில் முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக் குறித்து வைத்து, அந்தத் தாளோடு போங்கள்.