அளவர் பதில்கள்: அந்தப் படம் எந்தத் தேதியில் எடுத்தது?

(நிலம், நீர், வரைபடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

ஐயா, நாங்கள் கொசஸ்தலை ஆற்றில் வலை வீசிப் பிழைப்பவர்கள். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதை என் மகன் செல்போனில் படமெடுத்து மனுவோடு கொடுத்தான். "பழைய படம், எந்த இடம் என்றும் தெரியவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். செல்போன் படத்துக்கு மதிப்பே இல்லையா?
வாசகி, எண்ணூர்

மதிப்பு உண்டு, அம்மா. உங்கள் மகன் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி, அங்கிருந்து பிரின்ட் போட்டிருப்பான். கோளாறு அங்கேதான். எடுத்த தேதியையும் நேரத்தையும் செல்போன் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேரும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கி, இந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் உதிராது.

நானும் இதில் ஏமாந்தவன்தான். எங்கள் ஊர் ஏரிக்குள் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டினார்கள். காலனிப் பிள்ளைகள் மூன்று வாரம் காத்திருந்து 41 படங்கள் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு குழுவில் போட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று மூலப் படங்களை அழித்துவிட்டார்கள். அந்தப் பிரின்டுகளோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "எந்தத் தேதியில் எடுத்தது?" என்று கேட்டுச் சிரித்தார். கோபம் வந்தது. ஆனால் 31 வருடம் சங்கிலி பிடித்து அடுத்தவர் அளவைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

இனி எடுக்கும்போது ஓரிடத்தில் நின்று இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று தூரத்திலிருந்து; அதில் பாலத்தூணோ புகைபோக்கியோ, நகராத ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். நாங்கள் நட்ட கல்லிலிருந்து அளப்பது போல. இன்னொன்று கிட்டத்தில், சாம்பல் மேல் துடுப்பை வைத்து எடுத்தால் அளவு புரியும். நீர் வற்றும் நேரம் நல்லது. சிக்னல் இல்லையே என்று திரும்பிவிட வேண்டாம். இருப்பிடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, இணையம் தேவையில்லை.

'பழைய படம்' என்பதற்கு விடை வானத்தில் இருக்கிறது. கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர் என்பதால் உங்கள் படகு தெரியாது, பரந்து கிடக்கும் சாம்பல் தெரியும். மழைக்காலத்தில் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

தாளும் தரையும் முரண்படுவது உங்கள் ஊரில் புதிதும் அல்ல. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருக்கிறது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநிலத்திலிருந்து வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே இல்லை! தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, தாளில் காணவில்லை. தொழில் செய்த எனக்கே அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆகவே படம் மட்டும் போதாது. பக்கத்தில் அந்தப் புலத்தின் (சர்வே எண் கொண்ட நிலத்தின்) 'அ' பதிவேட்டு நகலையும், அதாவது நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேட்டின் நகலையும், எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும் வையுங்கள்.

வழக்கென்று போனால் இரண்டு சங்கதி. பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவாக 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தரலாம். நஷ்ட ஈட்டுக்கு மட்டும் 5 ஆண்டு. மற்ற நீதிமன்றங்களில், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். படமெடுத்த போனை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

நாங்கள் இருளர். கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறோம். எண்ணெய் படிந்தபோது நிவாரணம் கேட்டால், "படகு இருக்கிறதா, வலை இருக்கிறதா" என்கிறார்கள். எதைக் காட்டுவது?
வாசகர், மீஞ்சூர் அருகே

கையைத்தான் காட்ட வேண்டும், தம்பி. ஆனால் அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நீங்கள் இறங்கும் இடத்தைப் பதிவேடு 'புறம்போக்கு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். நானே எத்தனை புலங்களுக்கு அப்படி எழுதியிருக்கிறேன்!

நடந்த வழியைக் கோடாகப் பதியும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொழிலுக்கு இறங்கும் நாளெல்லாம் ஓடவிடுங்கள். ஒரு பருவம் முடிந்தால் எங்கே, எத்தனை நாள் உழைத்தீர்கள் என்பது கோடு கோடாக நிற்கும். கரையேறியதும் எத்தனை கிலோ, என்ன விலை என்று உடனே குரல் பதிவு செய்யுங்கள். எழுதத் தெரியாத ஆயா பேசினாலும் அது பதிவுதான். ஒவ்வொரு மடுவுக்கும் திட்டுக்கும் நீங்கள் வழங்கும் பெயரை அப்படியே சொல்லுங்கள், 'நல்ல தமிழில்' திருத்த வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்த வரைபடத்தை முகநூலில் போட்டுவிடாதீர்கள். இறால் எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே வழிகாட்டியதாகிவிடும். சங்கத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். கேட்கும் அதிகாரிக்குக் கேட்ட பகுதியை மட்டும் கொடுங்கள்.

ஏரியை மேலிருந்து படமெடுக்க டிரோன் வாங்கலாமா? எங்கள் இளைஞர் மன்றத்தில் வசூல் செய்கிறார்கள்.
வாசகர், திருவள்ளூர்

வேண்டாம். விதிமுறை, அனுமதி, பழுது என்று வசூலுக்கு மேல் செலவு வைக்கும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது, கரையோர மக்கள் பட்டத்திலும் பலூனிலும் சாதாரண கேமராவைக் கட்டி மேலே விட்டுப் படமெடுத்தார்கள். நம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தினர் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள். பட்டம் விடத் தெரிந்த பையன் உங்கள் மன்றத்தில் இல்லாமலா இருப்பான்? பழைய போன் ஒன்றை நுரைப்பஞ்சில் பொதிந்து கட்டுங்கள், வீடியோவை ஓடவிட்டு ஏற்றுங்கள். மாஞ்சா நூல் மட்டும் கூடாது.