ஃபைபர் படகில் டெக் அழுகிவிட்டதா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

டெக் (படகின் மேல்தளம்) அமுங்குகிறது, பலகை மாற்ற வேண்டுமா, நாமே செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுதான். அப்போது இறங்கியவற்றில் இன்னும் தொழிலுக்குப் போகிறவை எல்லாம் பழைய படகாகிவிட்டன, அதனால் இந்தக் கேள்வி இனி அதிகமாகத்தான் வரும். ஒன்று மட்டும் முதலில்: ஃபைபர் அழுகாது. டெக்கின் ஃபைபர் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே இருக்கிற பிளைவுட்தான் அழுகுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து: அண்ணே, 28 அடி படகு. அணியத்துப் பக்கம் (முன்முனை) டெக்கில் கால் வைத்தால் உள்வாங்குகிறது. மேலே விரிசல் எதுவும் தெரியவில்லை. எவ்வளவு தூரம் போயிருக்கும்?

கால் அமுங்குகிற இடத்தை விட அழுகல் எப்போதும் பெரிதாக இருக்கும் தம்பி. சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் டெக் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அப்புறம் கோட்டுக்கு வெளியே, 'நல்ல இடம்' என்று நீங்கள் நம்புகிற பக்கம், கீழ்தோலைத் தொடாமல் சின்னதாக ஒரு துளை போட்டு வருகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிறி உலர்ந்து வந்தால் சரி. கறுத்து, ஈரமாக, விரலில் பிசைந்தால் உருண்டையாகிற மாதிரி வந்தால் கோட்டை இன்னும் தள்ளிப் போட வேண்டும். ஒரு புளித்த நாற்றமும் வரும், ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

தூத்துக்குடியிலிருந்து: தினமும் உப்புத் தண்ணீரில் கிடக்கிற படகு. அடிப்பக்கம் நன்றாக இருக்க, மேலே மட்டும் ஏன் அழுகுகிறது?

மழைத் தண்ணீர்தான் காரணம். மரத்தைத் தின்பது பூஞ்சை, அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு அதற்கு அவ்வளவாக ஒத்துவராது, நல்ல தண்ணீர் ஒத்துவரும். கயிறு கட்டுகிற முளை, வளையம், மூடியின் கீல் என்று டெக்கில் ஸ்க்ரூ இறங்கிய ஒவ்வொரு இடமும் மழை உள்ளே போகிற வழி. ஐப்பசி, கார்த்திகையில் கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது தண்ணீர் டெக்கில் தேங்கி, அந்த ஓட்டை வழியாக இறங்கி, இரண்டு தோலுக்கும் நடுவில் வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். அந்த ஓட்டைகளை அடைக்காமல் புதுப் பலகை போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

பழவேற்காட்டிலிருந்து: மேலேயே இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ஒட்டினால் போதும் என்கிறார் ஃபைபர் வேலைக்காரர். இன்னொருவர் துளை போட்டு ரெசினை (இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) ஊற்றச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். மேலே ஒட்டினால் ஈரம் உள்ளேயே பூட்டிக்கிடக்கும், படகு கனம்தான் கூடும். ரெசின் ஊற்றுவது, பலகை உலர்ந்திருந்து தோல் மட்டும் விட்டுப்போன சின்ன இடத்துக்குச் சரி. ஊறிப்போன மரத்தில் ரெசின் பிடிக்காது.

குளச்சலிலிருந்து: மேலிருந்து வெட்டுவதா, அடியிலிருந்தா? வெட்டும்போது படகு கோணிவிடாதா?

மேலிருந்துதான். அடியிலிருந்து செய்தால் கீழ்தோல் போய்விடும், தலைக்கு மேலே மேட் ஒட்டுவது பெரிய பாடு, ரெசின் முகத்தில் சொட்டும்.

கோணிவிடும் என்று நீங்கள் பயப்படுவது சரியான பயம். இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதே டெக்தான். அதனால் வெட்டுவதற்கு முன் படகை மட்டமாக வைத்து, அடியில் பல இடத்தில் முட்டுக் கொடுத்து, அகலத்தை மூன்று நான்கு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே சட்டம் வைத்து இறுக்கிவிடுங்கள். புது டெக் இறுகும்வரை அந்தச் சட்டத்தை எடுக்கவே கூடாது.

ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, மேல்தோல் மட்டும் அறுபடுகிற ஆழத்தில் கிரைண்டரை ஓட்டுங்கள். அந்த ஓரத் தோல்தான் பின்னால் புது மேட்டைப் பிடிக்கப்போகிறது. அதற்கு அடியில் இருக்கிற அழுகலையும் உளியால் நோண்டி எடுத்துவிட வேண்டும், அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கீழ்தோலை முழுசாகத் தேய்த்து, நன்றாக வெயில் காட்டுங்கள். பங்குனி, சித்திரை இந்த வேலைக்கென்றே வந்த மாதங்கள். அவசரம் என்று ஈரத்தின் மேல் ரெசின் ஊற்றினால் ஒட்டாது.

கடலூரிலிருந்து: எந்தப் பிளைவுட்? மர வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரி முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி வைக்கலாமா?

ஐஎஸ்ஐ முத்திரையில் 710 என்று அடித்திருக்கிற மெரைன் பிளைவுட் கேளுங்கள். 303 என்று இருந்தால் அது வீட்டு வேலைக்கு. எண்ணெய் கூடவே கூடாது. மரப் படகுக்கு அது நல்லது, ஆனால் எண்ணெய் பட்ட மரத்தில் ரெசின் பிடிக்காது. பலகையின் இரண்டு முகத்துக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கும், முதலில் ரெசினைத் தடவுங்கள். தண்ணீர் குடிப்பது ஓரம்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து: ரெசினில் பாலியெஸ்டரா எப்பாக்சியா? எவ்வளவு வாங்குவது?

காசு இருந்தால் எப்பாக்சி. இறுகிய பழைய ஃபைபரில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மேட்டை எப்பாக்சியோடு போடாதீர்கள். அந்த மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரையும், எப்பாக்சியில் கரையாது. அதற்கு நெய்த துணி வேண்டும். எப்பாக்சி போட்ட இடத்தில் பின்னால் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் கரையில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், நன்றாகத் தேய்த்து அசிட்டோனால் துடைத்துப் போட்டால் அதுவும் நிற்கும்.

கணக்கு இப்படி: 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ ரெசின் குடிக்கும், இறுகினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். இரண்டு சதுர மீட்டரில் மூன்று அடுக்கு என்றால் ஏழு கிலோ வரை ஆகும், பலகையைப் பதிக்கத் தனியாக. பலகைக்கு அடியில் காற்று நிற்காமல் ரெசின் புட்டியை (தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசின்) பரப்பி, மேலே கனம் ஏற்றி வையுங்கள். சேருகிற இடத்தில் பழைய தோலைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தோல் 3 மில்லிமீட்டர் என்றால் சரிவு ஒன்றரை அங்குலமாவது வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து: கோபால்ட், கேட்டலிஸ்ட் இரண்டையும் எப்படிக் கலப்பது?

கேட்டலிஸ்ட் ரெசினை இறுகவைப்பது, கோபால்ட் அதை வேகப்படுத்துவது. இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது! தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம், உச்சி வெயிலில் குறைவான பக்கம். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கலந்து எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடுங்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, எங்கட 18 அடி போட்டில டெக்குக்குக் கீழே மிதக்கிறதுக்கு ரெஜிபோம் வைக்கலாமோ?

ரெஜிபோம், தெர்மாகோல் இரண்டும் ஒன்றுதான். பாலியெஸ்டர் ரெசின் பட்ட இடத்தில் கரைந்து குழியாகிவிடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வையுங்கள். பழைய ஃபோம் உள்ளே இருந்தால் ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஈரம் கீழிருந்து புதுப் பலகைக்கு ஏறும்.

ஒரு சகோதரி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் ஃபைபர் தேய்த்துவிட்டு வந்தால் இரவெல்லாம் அரிப்பு. துணிகளை ஒன்றாகத் துவைத்தால் பிள்ளைகளுக்கும் அரிக்கிறது.

அந்தத் துணியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும் தங்கச்சி, வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே உதறிவிடுங்கள். உடம்பைத் தேய்க்காமல் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். அரிப்பை விட எனக்குக் கவலை நுரையீரல்தான். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, தூசி வடிகட்டுகிற முகமூடி வாங்கிக் கொடுங்கள். ரெசின் வாடைக்கு அதுவும் போதாது. அந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் பீடி இல்லாமல் செய்யச் சொல்லுங்கள்.

மீண்டும் நாகப்பட்டினம்: முளையைத் திரும்ப மாட்டும்போது சிலிகான் தடவினால் போதுமா?

போதாது. போல்ட்டை விடப் பெரிதாகத் துளை போட்டு, எப்பாக்சியில் ஏரோசில் (மெல்லிய சிலிக்கா தூள்) கலந்து கெட்டியாக்கி அந்தத் துளையை முழுக்க அடையுங்கள். இறுகிய பிறகு அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளையுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் போல்ட்டைச் சுற்றி எப்பாக்சிதான் இருக்கும், மரம் இருக்காது. அதற்கு மேல் படகுக்கான சீலண்ட் தடவி முறுக்குங்கள். பெயின்ட்டில் மணல் தூவினால் வலை இழுக்கும்போது கால் வழுக்காது. மேல்தோல் பிசுபிசுப்பு போய் நன்றாக இறுகும்வரை படகைக் கடலில் தள்ள வேண்டாம்.